முடிவு தெரிந்த கதையும் அதைப் படிப்பவரும்

1816ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இங்கிலாந்தின் சாட்டன் என்ற சிற்றூரில் ஜேன் ஆஸ்டின் ஒரு நாவலை எழுதி முடித்தார். அவர் எழுதி முடித்த கடைசி நாவல் அது. அவர் மறைந்த பிறகு ‘பர்சுவேஷன்’ என்ற பெயரில் வெளிவந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்துபோன ஆன் எலியட்டும் கடற்படை கேப்டன் வென்ட்வர்த்தும் மறுபடி சேர்ந்துவிட்டார்கள், கதை முடிந்தது. எழுதியவருக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அன்றிரவு சோர்ந்துபோய்ப் படுத்தார் என்றும், மறுநாள் தெளிவோடு எழுந்து, எழுதியதை ஒதுக்கிவிட்டு வேறு அத்தியாயங்களை எழுதினார் என்றும் அவருடைய அண்ணன் மகன் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. ஒதுக்கப்பட்ட அந்தப் பக்கங்கள் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஆஸ்டின் முடித்த ஆறு நாவல்களில், அவர் கைப்பட எழுதிய பக்கங்கள் எஞ்சியிருப்பது இதற்கு மட்டும்தான்.

முதலில் எழுதிய முடிவு இப்படிப் போகிறது. பாத் நகரத் தெருவில் ஆனைப் பார்க்கும் அட்மிரல் கிராஃப்ட் அவளைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். அங்கே வென்ட்வர்த் இருக்கிறான். ஆன் தன் உறவினர் எலியட்டை மணக்கப் போகிறாள் என்று ஊரில் பேச்சு. அது உண்மையானால், தாம் வாடகைக்கு இருக்கும் அவளுடைய பரம்பரை மாளிகையைக் காலி செய்து கொடுக்க அட்மிரல் தயார். இதைக் கேட்டுச் சொல்லும் பொறுப்பை வென்ட்வர்த்தின் தலையில் கட்டிவிடுகிறார். அவன் தயங்கித் தயங்கிக் கேட்கிறான். அப்படி ஒன்றும் இல்லை என்கிறாள் அவள். இருவர் மனமும் திறந்துவிடுகிறது. படிக்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவர்களைச் சேர்த்துவைப்பது மூன்றாம் மனிதரின் வீட்டுப் பிரச்சினை.

மாற்றி எழுதியதில் இடம் ஒரு விடுதி அறை. ஜன்னலோரத்தில் கேப்டன் ஹார்வில் ஒரு சின்ன உருவப்படத்தை ஆனிடம் காட்டுகிறார். இறந்துபோன அவருடைய தங்கைக்காக, அவளை மணக்க இருந்த பென்விக் தன்னை வரையச் செய்த படம் அது. இப்போது பென்விக்குக்கு வேறொரு பெண்ணோடு நிச்சயம் ஆகிவிட்டது; அதே படத்துக்குச் சட்டம் போட்டு அவளுக்குக் கொடுக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்ய ஹார்வில்லுக்கு மனம் வரவில்லை. நண்பன் வென்ட்வர்த் அதை ஏற்றுக்கொண்டு, அதே அறையில் மேஜை முன் உட்கார்ந்து அதற்கான கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறான். சீக்கிரம் மறப்பது ஆணா, பெண்ணா என்று ஹார்வில்லும் ஆனும் தாழ்ந்த குரலில் வாதாடுகிறார்கள். புத்தகங்கள் எல்லாம் பெண்ணின் நிலையற்ற மனத்தைத்தானே பேசுகின்றன என்று அவர் சொல்ல, அவற்றை எழுதியவர்கள் ஆண்கள் என்பதால் அந்தச் சாட்சியத்தை ஏற்க முடியாது என்கிறாள் அவள். மேஜைப் பக்கம் பேனா கீழே விழுகிறது. கேட்டுக்கொண்டே வென்ட்வர்த் இன்னொரு கடிதத்தையும் எழுதிவிடுகிறான். ஹார்வில்லோடு கிளம்பிப் போனவன், கையுறையை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி வந்து, அந்தக் கடிதத்தை அவள் முன் வைத்துவிட்டுப் போகிறான்.

இரண்டிலும் முடிவு ஒன்றுதான். மாறியது, அந்த முடிவுக்கு யார் காரணம் என்பது. பத்தொன்பது வயதில் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டுக் காதலைக் கைவிட்ட பெண், இருபத்தேழு வயதில் தன் மனத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொல்கிறாள். எட்டு வருடக் கோபத்தை விடாமல் வைத்திருந்தவன், அவள் பேச்சைக் கேட்டு அதை இறக்கிவைக்கிறான். அட்மிரல் தேவையில்லாமல் போகிறார். சாவுக்கு ஓர் ஆண்டு இருக்கும்போது, உடல்நலம் கெட்டுவந்த நிலையில், ஆஸ்டின் இதற்காக இரண்டு அத்தியாயங்களைத் திரும்ப எழுதினார்.

இந்தச் சொற்பொழிவு சொல்ல வருவதும் இதையே. காதல் நாவலின் முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது என்று குறை சொல்கிறார்கள். தெரிந்துவிடுவதால்தான் அங்கே முழுப் பாரமும் பாத்திரங்களின் மேல் விழுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்வி ஓய்ந்துவிட்ட இடத்தில், இவர்கள் எப்படிப்பட்டவர்கள், ஒருவருக்காக ஒருவர் எவ்வளவு தூரம் மாறுவார்கள் என்ற கேள்வி மட்டுமே பக்கத்தைப் புரட்டவைக்க வேண்டும். தேர்ந்த காதல் நாவல் வாசகருக்கு இது நன்றாகத் தெரியும். விமர்சகர்களுக்கு முன்பே தெரியும்.

துப்பறியும் கதையில் கொலையாளி அகப்படுவான் என்பதும் முன்பே தெரிந்ததுதான். அதற்காக யாரும் அந்த வகையைத் தள்ளிவைப்பதில்லை. காதல் கதைக்கு மட்டும் ஏன் இந்த இளக்காரம் என்றால், எழுதுபவர்களிலும் படிப்பவர்களிலும் பெண்கள் அதிகம் என்பதைத் தவிர வலுவான காரணம் எதுவும் தென்படவில்லை.

வாசகர்கள் இந்த நாவல்களைக் கண்ணை மூடிக்கொண்டு படிப்பதில்லை. ‘இது நல்லா இருக்கும், அது வேண்டாம்’ என்று வாடகை நூலகத்தில் ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொல்வதற்குப் பின்னால் ஒரு தெளிவான அளவுகோல் இருக்கிறது. அவர்கள் அடிக்கடி சொல்லும் குறைகளில் முதலாவது, தப்பெண்ணத்தின் மேல் மட்டும் கட்டிய கதை. நாயகி யாரோ ஒருவனோடு பேசுவதை நாயகன் தூரத்திலிருந்து பார்க்கிறான், சந்தேகப்படுகிறான், இருநூறு பக்கம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடைசியில் அவளோடு பேசியவன் அவளுடைய அண்ணன் என்று தெரிகிறது. ‘ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சிருக்குமே’ என்று வாசகி புத்தகத்தை வைத்துவிடுகிறாள். அந்த ஒரு வாக்கியம் நல்ல விமர்சனம். ஒரு வார்த்தையில் தீரும் தடை, பாத்திரத்துக்கு வெளியே இருக்கும் தடை. அது நீங்கினாலும் உள்ளே எதுவும் மாறியிருக்காது.

தப்பெண்ணத்தை வைத்தே எழுதினாலும் சரியாக எழுத முடியும் என்பதற்கு ‘பிரைடு அண்டு பிரெஜுடிஸ்’ போதும். 1813இல் வந்த அந்த நாவலில் 61 அத்தியாயங்கள். டார்சியைப் பற்றி எலிசபெத் கொண்டிருந்த தவறான எண்ணங்கள் பலவற்றை அவனுடைய நீண்ட கடிதம் உடைத்துவிடுவது 35ஆம் அத்தியாயத்தில். மட்டமான எழுத்தாளர் கையில் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆஸ்டினிடம் அங்கேதான் தொடங்குகிறது. விவரங்கள் சரியாகிவிட்டன, மனிதர்கள் இன்னும் சரியாகவில்லை. மனிதரை எடைபோடுவதில் தான் கெட்டிக்காரி என்று நினைத்திருந்தவள், அந்த நினைப்பையே கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. மணம் செய்துகொள்ளக் கேட்கும்போதும் அவளுடைய குடும்பத்தைத் தாழ்த்திப் பேசியவன், அந்தக் குடும்பத்துக்கு வந்த அவமானத்தை வெளியே சொல்லாமல் தன் பணத்தில் துடைக்கிறான். நாவலின் மீதிப் பாதி இந்த வேலைக்குத்தான் செலவாகிறது.

தமிழில் இப்படிப்பட்ட வாசிப்பு வளர்ந்த இடம் பெரும்பாலும் வீடு. வாரப் பத்திரிகை வந்ததும் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துவைத்து, தொடர் முடிந்தபின் பைண்டு செய்யக் கொடுப்பது ஒரு தலைமுறையின் வழக்கம். அந்த பைண்டு புத்தகங்களைப் புரட்டினால் நாவலோடு வேறு பலவும் வரும். அத்தியாயத்தின் பின்பக்கத்தில் பாதி ஜோக், தலைவலித் தைல விளம்பரம், அடுத்த வார ராசிபலனின் ஓரம், படத்தில் நாயகியின் கொண்டைக்கு மேல் வீட்டுக் குழந்தை கிறுக்கிய பென்சில் கோடு. ஏதாவது ஒரு வாரம் விட்டுப்போயிருக்கும். அந்த இடத்தில் கதைச்சுருக்கத்தை யாரோ கையால் எழுதி ஒட்டியிருப்பார்கள். இந்த அளவு சிரத்தையோடு படிக்கப்பட்ட எழுத்தைப் பொழுதுபோக்கு என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது அநியாயம்.

அந்தப் பக்கங்களில் நீண்ட காலம் ஆட்சி செய்த பெயர் லக்ஷ்மி. இயற்பெயர் திரிபுரசுந்தரி, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர். படிக்கும் காலத்திலேயே ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியவர். எழுத்தில் வந்த வருமானம் அவருடைய படிப்புக்கு உதவியது. அவருடைய ‘காஞ்சனையின் கனவு’ 1952இல் ‘காஞ்சனா’ என்று திரைப்படமாயிற்று. தென்னாப்பிரிக்காவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து திரும்பினார். ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்காக 1984இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

அதே 1984இல் இரண்டு ஆய்வு நூல்கள் வந்தன. ஒன்று, அம்பை என்ற பெயரில் நாம் அறிந்த சி.எஸ். லக்ஷ்மி ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ஃபேஸ் பிஹைண்ட் த மாஸ்க்’. தமிழ்ப் பத்திரிகைக் கதைகளின் பெண்கள் எப்படி மரபு வார்த்த அச்சிலேயே திரும்பத் திரும்ப வார்க்கப்பட்டார்கள் என்பதைக் கூர்மையாகக் கேட்ட நூல். மற்றொன்று அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வேயின் ‘ரீடிங் த ரொமான்ஸ்’. ராட்வே நாவல்களோடு நிற்காமல் படிப்பவர்களிடமே போனார். அமெரிக்க நடுமேற்கில் ஓர் ஊரில், ஒரே புத்தகக் கடைக்காரப் பெண்ணின் யோசனை கேட்டு வாங்கும் 42 பெண்களிடம், ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்டார். கணவனுக்கும் குழந்தைகளுக்கும் செய்துகொண்டே இருக்கும் நாளில் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் நேரம் இது என்பது அவர்கள் சொன்ன பதில்களில் முக்கியமானது. கடைசிப் பக்கங்களைப் பார்த்து, நல்லபடி முடிகிறது என்று உறுதி செய்துகொண்டே வாங்குபவர்களும் அவர்களில் உண்டு. அறிவும் தன்விருப்பமும் உள்ள நாயகி வேண்டும் என்றார்கள். கொடுமைக்கார நாயகன் வேண்டாம் என்றார்கள்.

அம்பை கேட்டது எழுத்தை நோக்கி. ராட்வே கேட்டது வாசகியை நோக்கி. தமிழில் முதல் கேள்வி பிறகும் பலரால் கேட்கப்பட்டது. இரண்டாவது கேள்வி போதுமான அளவு கேட்கப்படவில்லை. கதையில் வரும் பெண் அடங்கிப்போகிறாள் என்பதால் படிக்கும் பெண்ணும் அடங்கிப்போகிறாள் என்று முடிவுகட்ட முடியாது. படிக்கும்போது அவள் பாத்திரத்தோடு சண்டையும் போடுகிறாள்.

அந்தச் சண்டை ஒரு நாவலாகவே ஆன வரலாறு தமிழில் இருக்கிறது. 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தது. மழை நாளில் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறி, கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் கல்லூரி மாணவியை, அவளுடைய அம்மா ஊரைக் கூட்டாமல், தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி ஏற்றுக்கொள்கிறாள். வாசகர்கள் கொந்தளித்தார்கள். அம்மா அப்படிச் செய்திருக்கக் கூடாது என்றார்கள், செய்திருக்க மாட்டாள் என்றார்கள். ஜெயகாந்தன் அந்த ஆட்சேபத்தையே விதையாக எடுத்துக்கொண்டார். அம்மா கத்தி ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்னவாகியிருப்பாள் என்று எழுதியதே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதன் நாயகி கங்கா வேலைக்குப் போகும் தனி மனுஷியாகிறாள். தன் கதையைப் போலவே ஒரு கதை அச்சில் வந்திருப்பதை நாவலுக்குள்ளேயே அவள் படிக்கிறாள். தன்னைக் கெடுத்தவனைத் தேடிப் பிடிக்கிறாள். இருவருக்கும் இடையில் வளரும் உறவுக்குக் காதல் என்று பெயர் வைக்கவும் முடியவில்லை, வைக்காமல் இருக்கவும் முடியவில்லை. வாசகரின் கருத்துக்கு ஓர் எழுத்தாளர் கொடுத்த மரியாதைக்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேட வேண்டியதில்லை.

மாத நாவல்கள் பெருகியபோது வாசகிகளின் முதல் பெயர் ரமணிசந்திரன் ஆயிற்று. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள். வசதியான வீட்டு ஆண், சுயமரியாதையை விடாத பெண், நடுவில் ஒரு மனத்தாங்கல், கடைசியில் கல்யாணம் அல்லது ஏற்கனவே நடந்த கல்யாணம் உயிர்பெறுவது என்பது அவற்றில் அடிக்கடி வரும் அமைப்பு. இலக்கிய வட்டாரம் இவரைப் படிக்காமலே பேசியது உண்டு. படித்துப் பார்த்தால் ஒரு பலம் தெரியும். வீட்டுக்குள் நடக்கும் சின்ன அவமதிப்புகளை அவர் கவனித்திருக்கிறார். பரிமாறும்போது ஒருத்தியை மறந்துபோவது, விருந்தாளி முன்னால் மருமகளின் பிறந்த வீட்டைப் பற்றி ஒரு சொல் வீசுவது, இதெல்லாம் கதையை நகர்த்தக்கூடிய சம்பவங்கள் என்று இந்த வகை நாவல் நம்புகிறது. அந்த நம்பிக்கை சரியானது.

பலவீனம் நாயகனிடம். மாத நாவல்களின் நாயகன் பாதிக் கதைவரை குத்திப் பேசுவான், சந்தேகப்படுவான், சில சமயம் கையும் ஓங்குவான், கடைசி அத்தியாயத்தில் தன் அம்மாவோ முன்னாள் காதலியோ செய்த துரோகத்தைக் காரணமாகச் சொல்வான், நாயகி உருகிவிடுவாள். இங்கேதான் வாசகர்களின் இரண்டாவது பெரிய குறை வருகிறது. காரணம் சொன்னால் போதுமா, ஈடு செய்ய வேண்டாமா?

‘ஜேன் அயர்’ இதற்குக் கொடுக்கும் பதில் 1847லிருந்து இன்றுவரை செல்லுபடியாகிறது. ரோச்செஸ்டர் உயிரோடு இருக்கும் மனைவியை மாடியில் மறைத்துவைத்து ஜேனை மணக்கப் பார்த்தவன். உண்மை வெளிப்பட்டதும் அவன் தன் துயரத்தை எல்லாம் சொல்லி மன்றாடுகிறான். அவனை அவள் மன்னிக்கவும் செய்கிறாள். ஆனாலும் வீட்டை விட்டுப் போகிறாள். கையில் காசில்லாமல், பசியோடு போகிறாள். பிறகு சித்தப்பாவின் சொத்தாக 20,000 பவுண்டு வருகிறது. அதை நான்காகப் பிரித்து, தனக்கு ஒரு பங்கும் அத்தை பிள்ளைகள் மூவருக்கு மீதியும் கொடுக்கிறாள். ரோச்செஸ்டரிடம் அவள் திரும்பி வரும்போது யாரையும் அண்டிப் பிழைக்க வேண்டாதவள். அவன் பார்வையையும் மாளிகையையும் இழந்தவன். சார்லட் பிரான்டி அந்த மன்னிப்புக்கு ஒரு விலை வைத்தார். 1969இல் வந்த ‘சாந்தி நிலையம்’ இந்தக் கதையின் சாயலைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தது. மாத நாவல்கள் ரோச்செஸ்டரின் முரட்டுத்தனத்தை எடுத்துக்கொண்டு ஜேனின் வெளியேற்றத்தை விட்டுவிட்டன. அதுதான் நஷ்டம்.

நல்லவர்களாகவே வார்க்கப்பட்ட காதலர்களும் நம்மிடம் உண்டு. நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ கல்கியில் தொடராக வந்தபின் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தார்கள். வாசகர் ஒரு பாத்திரத்தின் மேல் வைத்த அன்புக்கு அதைவிட நிரூபணம் வேண்டாம். இருந்தாலும் அந்த இருவரும் ஒருவரை ஒருவர் மாற்றுவதில்லை. முதல் பார்வையில் எவ்வளவு உயர்ந்தவர்களோ கடைசிவரை அவ்வளவே. வணங்கத் தோன்றுகிறது, கூட உட்கார்ந்து பேசத் தோன்றுவதில்லை.

தி. ஜானகிராமனின் யமுனாவோடு பேசத் தோன்றும். ‘மோகமுள்’ எந்தக் கணக்கிலும் காதல் நாவல் வகைக்குள் அடங்காது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அடங்காவிட்டாலும், காதல் நாவல் வாசகர் கேட்கும் அத்தனையும் அதில் இருக்கிறது. யமுனா நாயகன் பாபுவைவிடப் பத்து வயது மூத்தவள். மராத்திய வழித் தாயின் மகள், அதுவும் இரண்டாம் தாரத்து மகள் என்பதால் வரன்கள் தட்டிப்போகின்றன. பாபு அவளைத் தெய்வமாகப் பார்த்தவன். அந்தப் பார்வையே அவர்களுக்கு நடுவில் நிற்கும் பெரிய தடை. அவனுக்குப் பக்கத்து வீட்டுத் தங்கம்மாளோடு நேர்வதும், அவளுடைய சாவும், ரங்கண்ணாவிடம் அவன் பாட்டுக் கற்கும் ஆண்டுகளும் அந்தத் தடையை மெல்ல மெல்லக் கரைக்கின்றன. யமுனாவைக் கரைப்பது வேறு. கும்பகோணத்தில் வசதியாகத் தொடங்கிய வீடு இல்லாமல் போய், வறுமையோடு சென்னைக்கு வந்து, தன் காலில் நிற்கப் பழகிய பின்புதான் அவள் முடிவெடுக்கிறாள். எடுத்த பிறகு அந்தச் சேர்க்கையை ஜானகிராமன் வானத்துக்கு உயர்த்தவும் இல்லை. இத்தனை வருட ஏக்கமும் எதற்காக என்ற கேள்வியை யமுனாவின் வாயிலேயே வைத்துவிடுகிறார். சுபம் போட்டு முடிக்கும் கதைகள் தாண்டத் துணியாத கோட்டை அந்த நாவல் தாண்டுகிறது. ஆனால் அதுவரை அது போவது காதல் நாவலின் பாதையிலேதான். இந்த உறவை ஒப்புக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

வகை நாவலுக்கும் இலக்கிய நாவலுக்கும் நடுவில் வேலி இருப்பதாக நினைப்பவர்கள், ஒரே வாசகி இரண்டையும் படிக்கிறாள் என்பதை மறந்துவிடுகிறார்கள். மாத நாவலில் பழகிய அளவுகோலை அவள் ‘மோகமுள்’ளுக்கும் கொண்டுபோகிறாள், ‘மோகமுள்’ளில் பெற்றதை வைத்து அடுத்த மாத நாவலைக் கறாராகப் பார்க்கிறாள்.

பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளுக்கு இங்கே உடனடி வேலை ஒன்று இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா ஒற்றை ஆளாகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாகப் பாதுகாக்கப்படுகின்றன. மலிவுப் பதிப்பு என்றும் வெறும் பத்திரிகை என்றும் பிறர் எறிந்தவற்றை அவர் எறியவில்லை. அதே கண்ணோடு இப்போது மாத நாவல்களையும், வீட்டுப் பரணில் கிடக்கும் பைண்டு தொடர்களையும் சேர்க்க வேண்டும். மூடப்பட்டுவரும் வாடகை நூலகங்களின் பேரேடுகளை, எந்தப் புத்தகம் எத்தனை முறை போய்வந்தது என்ற குறிப்புகளோடு வாங்கி வைக்க வேண்டும். பத்திரிகைகளின் வாசகர் கடிதப் பக்கங்களைத் தனியே தொகுக்க வேண்டும். முக்கியமாக, லக்ஷ்மியையும் எழுத்தாளர் அநுத்தமாவையும் தொடராக, வாராவாரம் காத்திருந்து படித்த பெண்கள் இன்று எண்பதைத் தாண்டியிருக்கிறார்கள். எந்தப் பாத்திரம் பிடித்தது, எங்கே கோபம் வந்தது, எந்த முடிவை மனதுக்குள் மாற்றி எழுதிக்கொண்டார்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வதற்கு ஒரு ஒலிப்பதிவுக் கருவியும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரமும் போதும். முதுகலை மாணவர்கள் இந்தக் கோடை விடுமுறையில், தங்கள் பாட்டிகளிடமிருந்தே தொடங்கலாம்.